வகுத்தால் மாறியது, பெருக்கினால் மாறவில்லை

போன வாரம் அக்கா மகன் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பத்தாம் வகுப்பு போகிறான். நோட்டில் ஓம் விதிக்கு ஒரு முக்கோணம் வரைந்து மேலே வி (வோல்டேஜ், அதாவது மின் அழுத்தம்), கீழே ஐ (கரண்ட், அதாவது மின்னோட்டம்), பக்கத்தில் ஆர் (தடை) என்று எழுதி வைத்திருந்தான். வேண்டியதை விரலால் மறைத்தால் மீதி இருப்பது விடை. நானும் இப்படித்தான் படித்தேன். 'மாமா, ஆர் மாறாது இல்ல? அப்ப வோல்டேஜ் குறைஞ்சா கரண்டும் குறையும், கரெக்டா?' என்று கேட்டான். 'கரெக்ட்' என்று சொல்லியிருந்தால் அவன் அடுத்த கணக்குக்குப் போயிருப்பான். தேர்வுக்கும் அது போதும். ஆனால் என்னால் சொல்ல முடியவில்லை. இதே வாக்கியத்தை இதே வயதில் நான் என் அப்பாவிடம் சொன்னேன். அதை நம்பி அவர் செய்த ஒரு காரியத்தில் எங்கள் போர் மோட்டார் கருகியது. அன்றைக்கு அவனிடம் 'ஞாயித்துக்கிழமை சொல்றேன்டா' என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அதற்குள் எனக்காக இதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அது 2012, மே மாதம். எங்கள் ஊர், வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்னும் ஊர்ப் பக்கம். பத்தாவது தேர்வு முடிந்து வீட்டில் இருந்தேன். அந்த வருஷத்து மின்வெட்டு யாருக்கும் மறந்திருக்காது. கொல்லைக்கு, அதாவது நிலத்துக்கு, த்ரீ பேஸ் (மோட்டார் ஓட வேண்டிய மூன்று கம்பி மின்சாரம்) எப்போது வரும், எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதே பெரிய பேச்சாக இருந்த காலம். அப்பா அரை ஏக்கரில் முள்ளுக் கத்தரி போட்டிருந்தார். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே வேலூர் முள்ளுக் கத்தரி. காம்பில் முள் இருக்கும், பறிக்கும்போது கை கிழியும், ஆனால் காரக்குழம்பில் விழுந்தால் அதற்கு ஈடு கிடையாது. வேலூர் வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் தவறினால் செடி தலையைத் தொங்கப்போட்டுவிடும்.

தண்ணீருக்கு 5 ஹெச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார். காலையில் த்ரீ பேஸ் வந்தால் ஒழுங்காக ஓடும். மதியம் வந்தால் பத்து நிமிஷத்தில் ஸ்டார்ட்டரில் இருக்கும் ரிலே என்ற காவல் சுவிட்ச் 'டக்' என்று தட்டி மோட்டாரை நிறுத்திவிடும். அப்பா போய்ப் போடுவார், மறுபடி தட்டும். பள்ளிகொண்டாவில் காயில், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுற்று, கட்டும் மேஸ்திரி ஒருவர் இருந்தார். எங்கள் சுற்றுவட்டாரத்து மோட்டார்களில் பாதி அவர் கை பட்டவை. அவர் வந்து பார்த்துவிட்டு, 'லோ வோல்டேஜுண்ணா. வோல்டேஜ் எறங்குனா மோட்டாரு ஆம்பியர் ஜாஸ்தி இழுக்கும். அதான் ரிலே தட்டுது. அது தட்டுறது நல்லதுக்குத்தான், மதியம் ஓட்டாதீங்க' என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வண்டி திரும்பியதும் அப்பாவிடம் சொன்னேன், அவர் சொல்வது தப்பு என்று. வி சமம் ஐ ஆர். காயிலின் தடை மாறாது. அழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறைந்தே தீரும். குறைந்த மின்னோட்டத்தில் எப்படிக் காயில் கருகும்? ரிலேதான் கெட்டுப்போயிருக்கும், அதை விட்டுவிட்டு என்னமோ சொல்கிறார் என்றேன். குச்சியை எடுத்து மண்ணில் கணக்கும் போட்டுக் காட்டினேன். அப்பா ஐந்தாவதோடு நின்றவர். என் கணக்கை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை ஆம்பியரில் தட்ட வேண்டும் என்று ரிலேயில் ஒரு திருகு இருக்கும். மறுநாள் 8.5-இல் இருந்த அந்தத் திருகைக் கடைசிக் கோடான 10 வரைக்கும் திருப்பி வைத்தார். ரிலே தட்டுவது நின்றது. கத்தரிக்கு ஆறு நாள் மதியத் தண்ணீர் பாய்ந்தது. ஏழாம் நாள் ஸ்டார்ட்டர் உறுமியது, குழாயில் தண்ணீர் வரவில்லை.

பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே ஏற்ற ஒரு நாள் ஆனது. பட்டறையில் மேஸ்திரி அதைத் திறந்து காயிலை இழுத்து என் கையில் கொடுத்தார். தண்ணீருக்குள் ஓடும் மோட்டார் என்பதால் செம்புக் கம்பிக்கு பிளாஸ்டிக் உறை இருக்கும். அந்த உறை உருகி, ஒரு கம்பியோடு இன்னொரு கம்பி ஒட்டி, கட்டிப்பட்ட வெல்லம் மாதிரி இருந்தது. நகத்தால் சுரண்டினால் கறுப்பாக உதிர்ந்தது. அப்பா ரிலேயைத் திருப்பியதை அவரிடம் மறைக்கவில்லை. யார் சொல்லித் திருப்பினார் என்பதை மட்டும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

மேஸ்திரி கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். 'புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கா?' என்று உண்மையாகவே கேட்டார். ஆமாம் என்றேன். 'சரி, மோட்டாரு எறக்குற அன்னிக்கு நோட்டு எடுத்துனு வா' என்றார்.

மூன்று எண்கள்

காயிலைப் புதிதாகக் கட்டி மோட்டாரை இறக்கி முடித்தது, அது கருகிய எட்டாம் நாள் விடியற்காலை. வரப்போரம் இருந்த செடிகள் அதற்குள் காய்ந்துவிட்டன. எங்கள் பேனல் போர்டில் அம்மீட்டர் உண்டு, ஆனால் அதன் முள் எந்தக் காலத்திலோ ஒட்டிக்கொண்டது. அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. மேஸ்திரி பையிலிருந்து டாங் டெஸ்டரை எடுத்தார். இடுக்கி மாதிரி வாயைத் திறந்து ஒரு ஒயரை மட்டும் உள்ளே விட்டு மூடினால், ஒயரை வெட்டாமலே எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும் கருவி.

அதற்கு முன்பே, மோட்டாரை இறக்குவதற்கு முன்னால், கேபிளைச் சேர்க்காமல் மோட்டாரின் மூன்று ஒயர் முனைகளில் இரண்டை மல்டிமீட்டரால் தொட்டிருந்தார். 3.8 ஓம். எழுது என்றார், எழுதினேன். இப்போது மெயினைப் போட்டு மோட்டாரை ஓடவிட்டார். காலை நேரம், லைன் நன்றாக இருந்தது. 410 வோல்ட், 7.8 ஆம்பியர். அதையும் எழுதினேன். 'இப்ப உன் கணக்க போடு' என்றார். வகுத்துப் பார்த்தேன், 52.6 ஓம் வந்தது. இறக்கும் முன் தொட்டு 3.8 என்று பார்த்த அதே காயில். நோட்டை ஒரு தடவை, மீட்டரை ஒரு தடவை பார்த்தேன். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. 'மதியம் கரண்ட் வரும்போது வரேன்' என்று கிளம்பிவிட்டார்.

மதியம் ஒன்றரை மணிக்கு த்ரீ பேஸ் வந்தது. வந்த மறுநொடி சுற்றிலும் இருந்த எல்லாக் கொல்லைகளிலும் மோட்டார்கள் உறுமின. எல்லோரும் ஆட்டோ சுவிட்ச் போட்டு வைத்திருந்தார்கள். மேஸ்திரி சொன்னபடி வந்தார். 345 வோல்ட். நான் என் மனசுக்குள் 6.6 ஆம்பியர் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். டெஸ்டரைப் பூட்டினார். 9.4.

அந்தச் சின்னத் திரையில் நின்ற 9.4 இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அழுத்தம் 65 வோல்ட் இறங்கியிருக்கிறது, ஆம்பியர் ஏறியிருக்கிறது. வகுத்தேன், 36.7. ஆக ஒரே மோட்டாருக்கு ஒரே நாளில் மூன்று தடைகள். சும்மா கிடக்கும்போது 3.8, காலையில் 52.6, மதியம் 36.7. மூன்றும் என் கையால் எழுதியது. அப்போதுதான் மேஸ்திரி கேட்டார், 'வகுத்தே பாத்துனு கீறியே, பெருக்கிப் பாத்தியா?'

பெருக்கினேன். காலையில் 410-ஐ 7.8-ஆல், 3,198. மதியம் 345-ஐ 9.4-ஆல், 3,243. வகுத்தபோது தாறுமாறாக ஓடிய கணக்கு, பெருக்கினால் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது. அப்பா கிணற்றுமேட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் மண்ணில் கணக்குப் போட்டுக் காட்டிய இடம் அவர் காலடியில்தான் இருந்தது.

தண்ணீரைத் தூக்குகிறவனின் கணக்கு

பிறகு வேலூரில் டிப்ளமோ எலக்ட்ரிகல் படிக்கும்போது காரணம் முழுசாகப் புரிந்தது. த்ரீ பேஸில் வெறுமனே பெருக்கினால் போதாது, 1.732-ஆலும் பெருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் காலையில் 5,539, மதியம் 5,617 வோல்ட் ஆம்பியர். மோட்டார் நிஜமாகத் தின்னும் வாட் தெரிய வேண்டும் என்றால், இழுப்பதில் எத்தனை பங்கு வேலைக்கு ஆகிறது என்று சொல்லும் பவர் ஃபேக்டரையும் சேர்க்க வேண்டும். ஆனால் மேஸ்திரி அன்றைக்குக் காட்ட நினைத்தது அதெல்லாம் இல்லாமலே தெளிவாகத் தெரிந்தது.

மோட்டாரின் வேகத்தை முதலில் நிர்ணயிப்பது அலைவெண். நம் லைனில் 50 ஹெர்ட்ஸ். அழுத்தம் 410-லிருந்து 345-க்கு விழுந்தாலும் அலைவெண் அப்படியேதான் இருக்கும், அதனால் மோட்டாரின் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. வேகம் குறையாவிட்டால் பம்பு அதே ஆழத்திலிருந்து ஏறக்குறைய அதே தண்ணீரைத் தூக்க வேண்டும். அந்த வேலைக்கு வேண்டிய திறனும் மாறாது. திறன் என்பது அழுத்தமும் ஓட்டமும் பெருக்கி வருவது. ஒன்று குறைந்தால் இன்னொன்று ஏறித்தான் ஆக வேண்டும். நூறு ரூபாய்ச் சாமானுக்கு ஐம்பது ரூபாய்த் தாள் இருந்தால் இரண்டு போதும், இருபது ரூபாய்த் தாள் என்றால் ஐந்து நீட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அப்படியென்றால் அந்த 52.6 எங்கிருந்து வந்தது? ஓடுகிற மோட்டார் தன் காயிலுக்குள் தானே ஒரு அழுத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது. லைனிலிருந்து வரும் அழுத்தத்தை அது எதிர்த்து நிற்கும். 410 வோல்ட் மொத்தமும் காயிலின் தடைமேல் விழுவதே இல்லை. மோட்டார் நின்றுபோனால் அந்த எதிர்ப்பும் போய்விடும். அதனால்தான் ஸ்டார்ட் ஆகும் நொடியில் வழக்கத்தைப் போல ஆறு மடங்கு ஆம்பியர் இழுக்கிறது, மண் சிக்கி பம்பு இறுகினால் சில நிமிஷத்தில் கருகுகிறது. 410-ஐ 7.8-ஆல் வகுத்து வந்த எண், காயில், சுற்றும் வேகம், மேலே ஏறும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து அந்த நொடியில் காட்டிய எண். காயிலுக்கு என்று இருப்பது 3.8 மட்டும்.

கருகலுக்குக் கணக்கு அந்த 3.8-இல்தான் இருக்கிறது. கம்பியில் உண்டாகும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஜூல் 1841-இல் கண்டு சொன்னது. இரண்டு முனைகளுக்கு நடுவே 3.8 ஓம் இருக்கும் இந்த மாதிரி மோட்டாருக்கு, 7.8 ஆம்பியரில் மூன்று பேஸின் காயில்களிலும் சேர்த்து சுமார் 347 வாட் வெப்பமாகப் போகிறது. 9.4 ஆம்பியரில் 504 வாட். ஓட்டம் ஏறியது ஐந்தில் ஒரு பங்கு, வெப்பம் ஏறியது கிட்டத்தட்ட பாதி. ஆறு மதியங்கள் அந்தப் பிளாஸ்டிக் உறை இந்தச் சூட்டைத் தாங்கியிருக்கிறது. ரிலே 8.5-இல் இருந்தபோது தட்டித் தட்டிச் சொன்னது இதைத்தான்.

இன்னொன்றும் மேஸ்திரி சொன்னார், அதன் ஆழம் எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. 'ஒருத்தன் நிறுத்துனா பத்து பேரு மோட்டாரு பொழைக்கும்.' ஒரு மோட்டார் 5.5 கே.வி.ஏ. (5,500 வோல்ட் ஆம்பியர்) இழுத்தால் 63 கே.வி.ஏ. ட்ரான்ஸ்ஃபார்மரில் பதினொரு மோட்டார் ஓடலாம். இருபது பேர் ஒரே நொடியில் போட்டால் லைனில் அழுத்தம் விழும். விழுந்தால் ஒவ்வொரு மோட்டாரும் அதிக ஆம்பியர் கேட்கும். அதிக ஆம்பியர் ஓடினால் லைன் கம்பியிலேயே இன்னும் அழுத்தம் விழும். என் பத்தாம் வகுப்புக் கணக்கு சரியாக இருந்திருந்தால் சிக்கல் தானாக அடங்கியிருக்கும். அழுத்தம் குறைய ஓட்டம் குறைய, லைன் மூச்சு விட்டிருக்கும். நிஜத்தில் சுமை சுமையைக் கூப்பிடுகிறது.

இஸ்திரிப் பெட்டிக்கு அது சரி

ஓம் விதி பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் இருந்த 750 வாட் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 230-ஐ 230-ஆல் பெருக்கி 750-ஆல் வகுத்தால் 70.5 ஓம். 230 வோல்ட்டில் 3.26 ஆம்பியர். மதியம் 190 வோல்ட்தான் வருகிறது என்றால் 2.7 ஆம்பியர், 512 வாட். பெட்டி சூடாகவில்லை என்று அம்மா அலுத்துக்கொள்வது இதனால்தான். இங்கே வகுத்தால் வருவது மாறாமல் நிற்கிறது, பெருக்கினால் வருவது விழுகிறது. மோட்டாருக்கு நேர் எதிர். பெட்டிக்குள் இருப்பது நைக்ரோம் கம்பி. சூடு ஏறினாலும் அதன் தடை அதிகம் மாறாது. அதற்காகவே அந்த உலோகக் கலவையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பழைய 60 வாட் குண்டு பல்பில் இது நடக்காது. கணக்குப்படி அதன் தடை 882 ஓம். அணைந்து கிடக்கும் பல்பை மல்டிமீட்டரில் தொட்டால் எழுபதைக்கூடத் தொடாது. உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை எரியும்போது 2,000 டிகிரியைத் தாண்டுகிறது, தடை பத்து மடங்குக்கு மேல் ஏறுகிறது. ஓம் விதியின் வரையறை 'மாறா வெப்பநிலையில்' என்றுதான் தொடங்கும். அந்த இரண்டு சொல்லை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன், ஒரு தடவையும் நின்று பார்த்ததில்லை. ஜார்ஜ் சைமன் ஓம் கொலோன் நகரத்தில் ஒரு பள்ளி ஆசிரியர். முதலில் வோல்டா அடுக்கு என்ற அந்தக் காலத்து பேட்டரியை வைத்து அளந்தார், அதன் அழுத்தம் நிலையாக நிற்கவில்லை. அப்புறம் பிஸ்மத்தும் செம்பும் இணைத்த, இரண்டு சந்திகளின் வெப்ப வித்தியாசத்தால் மின்சாரம் தரும் வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார். ஒரு சந்தியைக் கொதிக்கும் நீரிலும் இன்னொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து அழுத்தம் அசையாமல் பார்த்துக்கொண்டு, வேறு வேறு நீளக் கம்பிகளைக் கோத்து அளந்தார். 1827-இல் புத்தகமாக வெளியிட்டார். அவ்வளவு கவனமாக நிபந்தனைகளைக் கட்டிப்போட்ட பிறகு கிடைத்த விதியை, நான் கட்டவிழ்த்துக் கொல்லை மோட்டாருக்குப் போட்டுவிட்டேன். என் ஆசிரியர்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் தடை என்று ஒரு எண் வகுத்து வந்தால், அது எந்தப் பொருளுக்கு, எந்த நிலையில் வந்தது என்று கேட்கும் பழக்கத்தையும் கூடவே தந்திருக்கலாம் என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

அன்று மதியம் ஓம் விதி அப்படியே பொருந்தும் இடம் ஒன்றையும் மேஸ்திரிதான் காட்டினார், அந்தப் பெயரைச் சொல்லாமல். கேபிளைக் கையில் தூக்கி, 'இது ரெண்டரை. நாலு போடுங்கண்ணா' என்றார். பேனலிலிருந்து போருக்குள் இருக்கும் மோட்டார் வரை சுமார் 150 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில், உள்ளே ஓடும் மூன்று கம்பிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓமுக்குச் சற்று மேல் வரும். 9.4 ஆம்பியர் ஓடினால், த்ரீ பேஸுக்கான 1.732-ஐயும் சேர்த்து, கேபிளே 17 வோல்ட்டை விழுங்கிவிடும், மூன்று கம்பியிலும் சேர்த்து ஏறக்குறைய 270 வாட் தண்ணீரைத் தொடாமலே சூடாகப் போகும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் அந்த 17 என்பது பத்தரையாகக் குறையும். மோட்டாருக்கு அந்த ஆறரை வோல்ட்டும் சேர்ந்து போய்ச் சேரும். அடுத்த மாதம் அப்பா மாட்டை விற்ற பணத்தில் கேபிளை மாற்றினார்.

அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரிலேத் திருகு 8.5-க்குத் திரும்பியது. மேஸ்திரி அந்த இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார். டிப்ளமோவில் சேரும்போது 'எலக்ட்ரிகலா எடு' என்று சொன்னது அப்பாதான். ஏன் என்று நானும் கேட்டதில்லை.

அக்கா மகனுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவனை ஊருக்குக் கூட்டிப்போகிறேன். மேஸ்திரிக்கு வயதாகிவிட்டது, பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறார். போனில் மேஸ்திரியிடம் டெஸ்டர் கேட்டேன், 'நானும் வரேன் தம்பி' என்றார். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை அளக்கப் போகிறோம். கூடவே வீட்டு இஸ்திரிப் பெட்டியையும். 9.4-ஐப் பற்றி அவனிடம் எதுவும் சொல்லவில்லை. முக்கோணம் போட்ட அந்த நோட்டையே எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.